எறிபண்டத்தின் வரவுசெலவு

திருகோணமலைக்குச் செல்லும் புகைவண்டி தன் இறுதி நிலையத்தை அடையுமுன்னர் சீனன்குடாவில் நிற்கும். பெயரில் சீனமும் வரலாற்றில் பிரித்தானியமும் கலந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் இவ்வூரின் விமானத்தளத்தையும் அதனையடுத்த துறைமுகத்தையும் தாக்கின. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டினூடே இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் இலங்கையின் சாதாரணக் குடும்பங்களைச் சீனன்குடாவோடு நாள்தோறும் பிணைப்பது எண்ணெயன்று, மா. 1980இல் இயங்கத் தொடங்கிய பிறிமா மாவாலை இங்கேதான் இருக்கின்றது. கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வந்திறங்கும் கோதுமை இக்குடாவின் கரையில் மாவாகி, லொறிகளில் ஏறி, பாணாகவும் ரொட்டியாகவும் தீவெங்கும் பரவுகின்றது.

அவ்வூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று பட்டப்படிப்புப் படித்த ஒரு மாணவனிடம் 2024இல் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. அவன் தன் மாணவர் மன்றத்தின் இளம் பொருளாளன். ஆண்டிறுதி ஒன்றுகூடலில் புதுமையாக ஏதேனும் செய்யவேண்டுமென்று மன்றத்தார் கூடிப் பேசியபோது, பை எறிதல் என்னும் மேனாட்டு விளையாட்டு எவராலோ முன்மொழியப்பட்டு, பெருஞ்சிரிப்பின் நடுவே நிறைவேறிற்று. ஓர் எறிக்கு நூறு ரூபா. விரும்பி முன்வரும் விரிவுரையாளர்களின் முகமே இலக்கு. சேரும் பணத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள். நாற்பது எறிகள் என்று கணக்கிட்டனர். பைகளை யார் செய்வது என்ற கேள்வி எழுந்தபொழுது எல்லாருடைய கண்களும் பொருளாளன்மீது திரும்பின. அவனுடைய தாயார் வீட்டில் பணிசும் பேஸ்ரியும் சுட்டுச் சீனன்குடாச் சந்திக் கடைகளுக்குக் கொடுப்பவர்.

பை என்ற சொல்லே தமிழ்க் காதுக்குச் சற்று விளையாட்டானது. சந்தைக்குக் கொண்டுசெல்வதும் பைதான். பழைய இந்திய நாணய முறையில் அணாவின் பன்னிரண்டில் ஒரு கூற்றுக்கும் பை என்றே பெயர். மாவினாலான ஓட்டுக்குள் பழமோ பாலேடோ நிரப்பிச் சுடும் பண்டமாகிய மூன்றாவது பை நம் அடுக்களைக்குப் பிந்தி வந்தது. அவன் கொப்பியின் முதற்பக்கத்தில் 'பை 40' என்று எழுதியதைக் கண்ட தாயார், நாற்பது பை எதற்கு, கொப்பி கொண்டுபோகவா என்று கேட்டாராம்.

விளையாட்டின் வரலாற்றை அவன் கைத்தொலைபேசித் திரையிலேயே கற்றுக்கொண்டான். ஒருவர் முகத்தில் பையை அப்பிச் சிரிப்பு மூட்டுவது ஊமைப்படக் காலத்து அமெரிக்க வழக்கம். 1909இல் வெளிவந்த ஒரு குறும்படத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. பின்னர் மக் செனற்றின் கீஸ்ரோன் நிறுவனம் அதனைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. லோறலும் ஹார்டியும் நடித்த 1927ஆம் ஆண்டுப் படமொன்றில் மூவாயிரம் பைகள் பறந்தன என்பர். ஸ்ரான்லி குப்றிக் 1964இல் வெளியான தம் படத்துக்கென்று பெரியதொரு பை எறிதற் காட்சியை எடுத்துவிட்டுப் பின்பு அதனை முற்றாக வெட்டி எறிந்தார். அக்காட்சிக்குச் செலவான பணத்தை எந்தத் தலைப்பின்கீழ் எழுதினார்களோ என்று ஒரு பொருளாளனுக்குத் தோன்றுவது இயல்பே.

ஆனால் அவனுக்கு உண்மையில் உதவியது பஸ்ரர் கீற்றனின் செய்முறை. அந்தப் பெருங்கலைஞர் எறிதற்குரிய பையை உண்பதற்குரிய பையினின்றும் வேறாகவே கருதியவர். ஓடு நொறுங்காதிருக்க இரண்டு ஓடுகளைப் பசையால் ஒட்டுவார்கள். உள்ளே ஓர் அங்குல உயரத்துக்கு மாவும் நீரும் கலந்த கூழ். அது முகத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே வாங்குபவரின் நிறத்துக்கும் உடைக்கும் ஏற்ப, வெளிறிய முகமாயின் கருநிறப் பழமும் கடைந்த பாலேடும், கரிய உடையாயின் எலுமிச்சைப் பாகு. நகைச்சுவை என்பது தற்செயலாக நிகழ்வது என்று எண்ணுவோர் இந்தச் செய்முறையை ஒருமுறை படித்தல் நன்று.

இவ்வளவும் அறிந்தபின்னரும் அவன் முதலில் வரைந்த மதிப்பீடு உண்ணும் பைக்கான மதிப்பீடாகவே இருந்தது. ஓடு ஒன்றுக்கு நூறு கிராம் வீதம் நாலு கிலோ கோதுமை மா, இரண்டு கிலோ மாஜரின், நாலு லீற்றர் பாலேடு. மாவின் விலை பெரிதாகத் தெரியவில்லை. பாலேட்டின் விலைதான் கணக்கைக் கவிழ்த்தது. நாற்பது எறிகளால் வரக்கூடியது நாலாயிரம் ரூபா; செலவோ பத்தாயிரத்தைத் தாண்டிற்று. தருமத்துக்கென்று தொடங்கும் கேளிக்கைகள் பலவற்றின் கணக்கு இவ்வாறுதான் முடிகின்றது என்பதை மன்றங்களின் பழைய கணக்கறிக்கைகளைப் புரட்டுவோர் அறிவர்.

தாயார் எண்களைப் பார்க்கவில்லை. நாலு கிலோ மா என்ற வரியிலேயே அவர் விரல் நின்றுவிட்டது. 1990இல் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அகதி முகாமொன்றில் நிவாரண மாவுக்கு வரிசையில் நின்றவர் அவர். அந்த மாவில் வண்டு இருந்தாலும் அரித்துவிட்டு ரொட்டி சுட்டார்கள். 2022இலும் அந்த நினைவு திரும்பிற்று. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிய அவ்வாண்டில், அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் நூறு ரூபாவையொட்டி விற்ற ஒரு கிலோ மா முந்நூறு ரூபாவையும் கடந்தது. மாவாலையின் வாசலிலேயே வாழ்ந்துகொண்டு மாவுக்குத் தவித்த விந்தை அது. பணிஸ் சுடுவதை அவர் பல மாதங்கள் நிறுத்திவைத்தார். மூடை சுமக்கும் கணவரின் கூலியில் வீடு ஓடிற்று.

"சாப்பிடுற சாமானை முகத்தில எறிஞ்சு சிரிக்க நான் மா குழைக்கமாட்டன், தம்பி" என்றார்.

இந்த மறுப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. உணவை எறிந்து மகிழும் விழாக்கள் உலகில் உள்ளன. ஸ்பெயினின் புனோல் நகரில் 1945 முதல் ஓகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையில் தக்காளி எறிகின்றார்கள். கூட்டமும் செலவும் கட்டுக்கடங்காமற் போனதால் 2013 முதல் அங்கே நுழைவுக் கட்டணம் அறவிடுகின்றனர். கேளிக்கைக்கும் வரவுசெலவுத் திட்டம் வேண்டுமென்பதை அந்நகரசபை காலந்தாழ்ந்தேனும் கண்டுகொண்டது. நம்மவரோ எறிபொருளைத் தெரிந்தெடுப்பதில் கூடிய விவேகிகள். கோயில் திருவிழாவின் முடிவில் முறைப்பிள்ளைகள்மீது ஊற்றுவது மஞ்சள் நீர். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியையடுத்த கும்மட்டாபுரத்தில் தீபாவளிக்குப் பின் ஊர்கூடி ஒருவர்மீது ஒருவர் எறிவது மாட்டுச் சாணம். அது தொழுவத்திலிருந்து வருகின்றது, முடிவில் வயலுக்கு எருவாகப் போகின்றது. அந்த விழாவின் எறிபொருட் செலவு சுழியம் எனலாம்.

சாணத்தை விரிவுரையாளர்களிடம் முன்மொழியும் துணிவு மன்றத்தில் எவருக்கும் இருக்கவில்லை.

அப்பொழுதுதான் அவனுக்குக் கீற்றனின் கூழும், பல்கலைக்கழக மாணவன் எவனும் அறிந்த மற்றொரு கூழும் ஒன்றாகத் தோன்றின. சுவரொட்டி ஒட்டுவதற்குத் தகரப்பேணியில் காய்ச்சும் மாப்பசை அது. ஒரு பங்கு மாவை ஏழு பங்கு நீரிற் கரைத்துச் சூடாக்கினால், மாப்பொருளின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து, ஆறியதும் தடித்து நிற்கும். ஒரு கிலோ மாவிலிருந்து எட்டுக் கிலோ பசை. நாற்பதுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இருநூறு கிராம். ஒரு முகத்துக்கு அது தாராளம். ஓடு வேண்டியதில்லை. நாலு கிலோ ஒரு கிலோவாயிற்று. அந்த ஒரு கிலோவையும், சந்திக் கடையில் ஈரம்பட்டுக் கட்டியாகி விற்பனைக்கு ஒதுக்கப்பட்ட மூடையிலிருந்து வாங்குவதென்று மகன் சொன்னபோது தாயார் சற்று இளகினார்.

மிகுதியை அவரே திட்டமிட்டார். வெண்நுரைக்கு இருபது முட்டைகளின் வெள்ளைக்கரு. சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் சேர்த்து அடித்தால், திருகோணமலையின் நண்பகல் வெக்கையிலும் நுரை சற்றுநேரம் சரியாது நிற்கும். மஞ்சட்கருக்கள் இருபதும் அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாவின் வட்டிலப்பத்துக்குப் போகும். தட்டுக்குப் பதிலாகத் தம்பலகாமத்து உறவினர் கொண்டுவரும் தாமரை இலை. இலை மென்மையானது, விளிம்பு முகத்தைக் கீறாது, எதுவும் அதில் ஒட்டுவதில்லை என்பது நம் பழமொழிகளே அறிந்த செய்தி. ஆகவே பசை முழுவதும் போய்ச்சேரவேண்டிய இடத்துக்கே போய்ச்சேரும். தூர நின்று எறியாமல் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அப்புவது என்றும் ஒரு விதி செய்துகொண்டனர்.

மற்றொரு விதியைப் பெரும் பொருளாளரான மூத்த விரிவுரையாளர் இட்டார். முன்வந்து பெயர் கொடுத்தவரன்றி வேறெவர் முகத்திலும் ஒரு துளியும் படலாகாது. முதலாம் வருட மாணவர் எவரையும் அந்த நாற்காலிக்கு அழைக்கவும் கூடாது. பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உருவாவதற்கு முன்னர், விளையாட்டென்ற பெயரில் நம் வளாகங்களில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர் அவர். சட்டத்துக்குப் பின்னும் அவை அற்றுப்போகவில்லை என்பதையும் அறிந்தவர். அதே பசை, அதே சிரிப்பு. அமர்ந்திருப்பவன் எழுந்து போகலாமா, போகமுடியாதா என்பதில்தான் வேறுபாடு. இதனைச் சொல்லிவிட்டு அவரே முதலாவதாகப் பெயர் கொடுத்தார்.

விழாவன்று நிகழ்ந்ததை விரிக்கவேண்டியதில்லை. முப்பத்துநான்கு எறிகள் நூறு ரூபா வீதம் போயின. பெரும் பொருளாளருக்கென்று ஒதுக்கிய ஆறும் ஏலத்தில் இரண்டாயிரத்து நூறு ரூபாவுக்குச் சென்றன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவர் ஆறையும் வாங்கிக்கொண்டார். மஞ்சள் கலந்த பசையானதால் இரண்டு நாள்வரை அவருடைய காதோரம் திருவிழாக் கண்டவரின் காதுபோல் இருந்தது.

வரவு ஐயாயிரத்து ஐந்நூறு. மா இருநூறு, முட்டை எண்ணூறு, சீனி நூற்றுநாற்பது, மஞ்சள் அறுபது, சவர்க்காரமும் துவாய்களும் முந்நூறு. ஆகச் செலவு ஆயிரத்து ஐந்நூறு. மிகுதி நாலாயிரம். கணக்கு இவ்வளவு அழகாக ஒருபோதும் முடிந்ததில்லை என்ற பெருமிதத்துடன் மாணவன் கையொப்பத்துக்குச் சென்றான். பெரும் பொருளாளர் கொப்பியை இருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

"இதைக் காய்ச்சினது யார், தம்பி?"

"அம்மா, சேர்."

"அவவின்ர கூலி எங்க?"

தாயார் வாங்கமாட்டார் என்று மாணவன் சொன்னான். அது உண்மை, அன்று மாலை வீட்டில் கேட்டபோதும் அவர் அதையே சொன்னார். பிள்ளைகளின் கொப்பிக் காசில் கைவைப்பதா என்று சினந்தார். ஆனால் வாங்காத கூலியும் கூலியே என்பது பெரும் பொருளாளரின் நிலைப்பாடு. செலவுப் பக்கத்தில் சமையற் கூலி என்று எழுது, வரவுப் பக்கத்தில் அதே தொகையை அவருடைய பெயரில் நன்கொடை என்று எழுது, மிகுதி மாறாது என்று அவர் வழி காட்டினார். அதிகாலை நாலு மணி தொடங்கி நண்பகல் வரை என்று கணக்கிட்டு, மாணவன் இருபக்கமும் ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினான். மன்றத்தின் கொப்பியில் தாயாரின் பெயர் ஏறியது அதுவே முதன்முறை.

எழுதியதை வீட்டுக்குக் கொண்டுசென்று காட்டினான். அவர் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் கொப்பியை விளக்கருகே கொண்டுபோய், தம் பெயரிருந்த இரண்டு வரிகளையும் மெல்ல வாசித்தார்.

"முதல்நாள் பின்னேரம் மா அரிச்சதை விட்டிட்டாய்" என்றார்.

மாணவன் இருபக்கமும் வெட்டி, இரண்டாயிரம் என்று திருத்தினான்.