பெருக்கல் யாருடையது?

பழைய தெல்தெனிய பஸாரில் பெரியப்பாவுக்கு ரேடியோ திருத்தும் கடை ஒன்று இருந்தது. விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது கடை போனது, அவர் ஓயாமல் சொல்லிவந்த கணக்கு மட்டும் வீட்டில் தங்கியது: "வோல்ட்டை அம்பியரால வகுத்தா தடை, பெருக்கினா வலு. ரெண்டும் ஓம் குடுத்தது." வகுத்தல் சரி. பெருக்கலையும் ஓம் என்ற விஞ்ஞானியின் தலையில் கட்டியதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் கணக்கையே சோதித்துப் பார்த்தேன். 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு. 0.26 அம்பியர் ஓட வேண்டும். அப்படியானால் தடை 880 ஓமுக்கு மேல். மல்டிமீட்டரை வைத்தால் 60 சொச்சம். பல்பை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன், மீட்டருக்குள் பேட்டரியையும் மாற்றினேன். அதே 60 சொச்சம்.

திகனவில் வயரிங் பாஸ் ஒருவரிடம் போனேன். ஓமின் பெயரைச் சொன்னதும், "அவர் எந்த ஊர்ல வயரிங் செஞ்சவர்?" என்றார். பிறகு பல்போடு தொடராக ஓர் அம்பியர்மானியை இணைத்து எரியவிட்டார். 0.26. "அணைஞ்ச பல்பப் புடிச்சு எரியிற பல்பப் பத்திக் கேட்டா என்னத்தச் சொல்லும், மகன்?" டங்ஸ்டன் இழை எரியும்போது ஏறத்தாழ 2,500 பாகை சூடேறுகிறது, தடை பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை.

சூடு இப்படிக் கணக்கைக் குழப்பும் என்றால், ஓம் எப்படித் தப்பினார்? தேடல் அங்கே திரும்பியது.

அவர் தப்பவில்லை. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம், 1825இல் வோல்ட்டா மின்கலத்தோடு அளந்தார். அளக்க அளக்கவே மின்னோட்டம் தளர்ந்தது. வெளியிட்ட சூத்திரமும் பிழையானது. இயற்பியலாளர் பொக்கென்டோர்ஃப் ஒரு வழி சொன்னார்: செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மின்னோட்டம் தளராமல் சீராக ஓடும். 1826இல் எண்கள் படிந்தன. 1827இல் நூல் வந்தது. அதில் வோல்ட்டும் இல்லை, ஓமும் இல்லை. அவரிடம் இருந்தவை கம்பியின் நீளமும் காந்த ஊசியின் திருப்பமும்தான். இங்கிலாந்தில் கேவென்டிஷ் 1781இலேயே, தன் உடம்பில் வாங்கிய அதிர்ச்சியை அளவுகோலாக்கி இதே விதியை நெருங்கியிருந்தார். அந்தக் குறிப்புகளை மேக்ஸ்வெல் 1879இல் அச்சேற்றும்வரை உலகுக்குத் தெரியாது.

பெருக்கல் எங்கே? சோல்ஃபோர்டில் பியர் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளையான ஜேம்ஸ் ஜூல், கம்பிச்சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, வெப்பநிலை ஏறுவதை அளந்தார். 1841இல் எழுதினார்: வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவில் எழும். இதை ஓமின் விதியோடு சேர்த்தால்தான் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்க முடியும். அதே 1841இல்தான் ராயல் சொசைட்டி ஓமுக்குக் கொப்லி பதக்கம் அளித்தது. வாட் என்ற அலகை வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தது 1882இல்.

ஜூலின் அந்த வர்க்கம் விக்டோரியா மின்நிலையத்தின் கம்பிகளிலும் ஓடுகிறது. அதன் 210 மெகாவாட்டையும் 220,000 வோல்ட்டில் ஒரே மூன்று பேஸ் தொகுதியில் அனுப்பினால், வலுக்காரணி ஒன்று என வைத்து, கம்பிக்கு ஏறத்தாழ 550 அம்பியர். வோல்ட்டைப் பத்தில் ஒன்றாக்கினால் 5,500 அம்பியர்; அதே கம்பியில் இழப்பு நூறு மடங்கு.

வகுத்தல் ஓமுடையது; பெருக்கலுக்கு ஜூல் வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லட்டும்.