கண்ணன் முகம் தெரிந்தது

வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், நவராத்திரிக்குப் பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் துடைத்து அடுக்கும் கைங்கரியம் அடியேனுடையதாயிற்று. எங்கள் கொலுவின் மூன்றாம் படியில் எழுந்தருள்வது தசாவதார செட். காகிதக் கூழால் செய்து வண்ணம் தீட்டிய, ஒரு சாண் உயரமே உள்ள பத்துப் பொம்மைகள். என் தாயாருக்குத் திருமணத்தின்போது பிறந்த வீட்டுச் சீராக வந்தவை. அவருக்கு இப்போது வயது 88.

வண்ணம் மங்கியிருந்த அப்பொம்மைகளுக்கு ஓராண்டு பளபளப்பான வார்னிஷ் பூசினேன். தாம்பூலம் வாங்க வந்தவர்கள் "புதிதாக வாங்கினீர்களா?" என்று வியந்தபோது உள்ளம் பூரித்தது. அம்மா மட்டும் படியருகே நாற்காலியில் அமர்ந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "எல்லாம் நல்லா மின்னுதுப்பா. கண்ணன் முகந்தான் எனக்குத் தெரியல" என்றார்.

மறுநாள் அந்த நாற்காலியில் நானே அமர்ந்து பார்த்தேன். சீரியல் விளக்குகள் அத்தனையும் பொம்மைகளின் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி புள்ளியாய்ப் பிரதிபலித்தன. கண்புரை படர்ந்த கண்ணுக்கு அந்த ஒளியே திரையாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஆவணியிலேயே, பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் வாங்கி வந்தேன். அதில் நுண்ணிய பொடி கலந்திருக்கும். அப்பொடி ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் கண் கூசுவதில்லை. ஆனால் புட்டியை அசையாமல் வைத்திருந்தால் பொடி அடியில் படிந்துவிடும். அதை நான் அறியவில்லை. கலக்காமலே மச்சாவதாரத்தில் தொடங்கி வரிசையாகப் பூசினேன். முதற்பொம்மைகள் முன்போலவே மின்னின. புட்டியின் அடிப்பகுதி வந்தபோது கண்ணனும் கல்கியும் எஞ்சியிருந்தனர். காய்ந்தபின் பார்த்தால், கண்ணனின் நீலத் திருமேனி விபூதி பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது!

முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு வவுச்சரையும் இருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். என் தாயின் கண்ணனை ஒருமுறைகூடச் சோதித்துப் பாராமல் கெடுத்துவிட்டேனே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் துணிவில்லை.

பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெரியவர் ஒருவரிடம் கண்ணனைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றேன். அவர் சிரித்தார். "வர்ணம் அப்படியேதான் இருக்கு சார். மேலே பொடிதான் வெளுத்து நிக்குது. பளபளப்பு வார்னிஷை ஒரு கை மெல்லிசா ஓட்டுங்க, தெளிஞ்சிடும்" என்றார். அவ்வாறே செய்ய, வெண்மை மறைந்து நீலம் மீண்டது. கண்கள் பனித்தன.

அதன்பின் அவர் சொன்ன முறைப்படியே செய்தேன். அன்பர்களுக்கும் அது பயன்படலாம். புட்டியை நன்றாகக் குலுக்கி, பூசும்போதும் இடையிடையே கலக்க வேண்டும். முதலில் பொம்மையின் அடிப்புறத்தில் சிறிது பூசி, காய்ந்தபின் பார்க்க வேண்டும். பழைய பொம்மையில் வண்ணமே கரைந்து தூரிகையில் ஒட்டினால் அந்த வார்னிஷ் அதற்கு ஆகாது. கனமாக ஒருமுறை பூசுவதினும் மெல்லியதாக இருமுறை பூசுதல் நன்று. மழை ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே அடித்தால் பூச்சு வெளுக்கக்கூடும். நீரில் கரையும் வகை புட்டியில் பால்போல் தெரிந்தாலும் காய்ந்தால் தெளிந்துவிடும். அதற்கு அஞ்ச வேண்டா. எல்லாம் முடிந்தபின் விழிகளிலும் கிரீடத்து மணிகளிலும் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு பொட்டளவு வைத்தால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும்.

அவ்வாண்டு நவராத்திரி முதல்நாள். குத்துவிளக்கு ஏற்றியதும் அம்மா வந்து அமர்ந்தார். மூன்றாம் படியில் அவர் பார்வை ஒன்பதாவது பொம்மையில் நின்றது. "சிரிக்கிறான் பாரு" என்று மட்டும் சொல்லிக் கைகூப்பினார்.

வந்தவர்களில் ஒருவரும் அவ்வாண்டு பொம்மைகளைப் பற்றி வியந்து பேசவில்லை. எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. நடந்ததை அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். "அவன் விளையாடாத விளையாட்டா?" என்று சிரித்தார்.