இலையைத் திருப்பிப் பார்

மலேசியாவின் ரவாங்கில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஐயாவிடம் நான் மூலிகை பழகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "சித்திரமூலம் கண்ணுல பட்டா ஒரு கிளை கொண்டா" என்றார். வெள்ளைப் பூ, பிசுபிசுக்கும் புல்லி, சாய்ந்து வளரும் செடி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பு வேலியோரத்தில் அச்சு அசலாக ஒன்று நின்றது. ஒடித்துக்கொண்டு ஓடினேன்.

ஐயா பூவைப் பார்க்கவே இல்லை. இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் சுண்ணாம்புத் தூள் தெளித்தாற்போல் வெளுத்திருந்தது. இலை தண்டில் சேரும் இடத்தில் இரண்டு குட்டிக் காதுகள்.

"இது நம்மாளு இல்ல தம்பி, ஆப்பிரிக்காக்காரன்."

நீலச் சித்திரமூலம் அது. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. உலகமெங்கும் வேலிக்கும் அழகுக்கும் வைக்கிறார்கள். பெரும்பாலும் வெளிர்நீலம்தான் பூக்கும். வெள்ளை பூக்கும் வகையும் உண்டு. நான் ஏமாந்தது அதில்தான். 1786இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் இதற்கு 'ஆரிகுலாட்டா', அதாவது காதுடையது, என்று பெயர் வைத்ததே அந்தக் குட்டிக் காதுகளை வைத்துத்தான்.

அடுத்த ஒரு வாரம் இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னார். நம் சித்திரமூலத்தின் பூக்கள் நீண்ட கதிராக நிற்கும். கதிர்த்தண்டே விரலில் ஒட்டும். ஆப்பிரிக்கச் செடியில் பூக்கள் உருண்டையாகக் கூடியிருக்கும். கதிர்த்தண்டு மென்மயிரோடு இருக்கும், ஒட்டாது. புல்லியின் மேல்பாதியில்தான் பிசின். நான்காவது நாள் விரலே சொல்லிவிட்டது.

அந்த ஆப்பிரிக்கச் செடிக்கும் அதன் மண்ணில் மருத்துவம் உண்டு. வேரைப் பொடித்து, தலைவலிக்கு மூக்குப்பொடியாக இழுப்பார்கள், மருவுக்கும் போடுவார்கள். வேய்ந்த கூரையில் அதன் ஒரு குச்சியைச் செருகினால் இடி விழாது என்பதும் அங்குள்ள நம்பிக்கை. சாயங்கால மழைக்கு முன் வானம் உறுமும்போதெல்லாம் ஐயா அந்த வேலியைக் காட்டிச் சிரிப்பார்.

ஆனால் வேர் விஷயத்தில் சிரிக்கமாட்டார். இரண்டு செடியின் வேரிலும் பிளம்பாஜின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. பச்சை வேர் தோலில் பட்டால் கொப்புளம் போடும். நம் சித்திரமூலத்தையே சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது.

கைப்பேசியில் படம் பார்த்து வேரைப் பிடுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூ ஏமாற்றும். இலையைத் திருப்புங்கள், அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், செடியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.