காபி முடிஞ்சாச்சு... கதை முடியலை!

ஒரு சின்ன கேள்வி. காலையில டிகாக்‌ஷன் இறங்கின பிறகு, ஃபில்டரோட மேல் பாத்திரத்துல கறுப்பா, ஈரமா, அடை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமே... அதை உங்க வீட்ல என்ன பண்றாங்க?

என் க்ளாஸ்ல பதினஞ்சு பேர்கிட்ட கேட்டேன். பதினோரு பேருக்குப் பதில் தெரியலை. 'ஃபில்டரை யாரு மச்சி கழுவுனது?'னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. மிச்சம் நாலு பேர்ல மூணு பேர் 'சிங்க்ல கொட்டி பைப்பைத் திறந்து விடுவாங்க'ன்னாங்க. ஒரே ஒரு தோழி மட்டும் 'ரோஜாச் செடிக்குப் போடுவோம்'னா. ஆக, நாம குடிக்கிறதோட காபி மேட்டர் க்ளோஸ்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அதுக்கப்புறம் அந்தச் சக்கை எங்கே போகுதுன்னு கொஞ்சம் பின்னாடியே போய்ப் பார்ப்போமா?

சிங்க்ல போனா, ஆத்துக்குப் போகும்!

காபி சக்கை தண்ணியில கரையாது. சிங்க்குக்குக் கீழே வளைஞ்சு இருக்கிற பைப்ல, சாம்பார் பாத்திரம் கழுவின எண்ணெய்ப் பிசுக்கோட சேர்ந்து கெட்டியாப் படிஞ்சுடும். ஒரு நாள் பொங்கி மேலே வரும்போது பிளம்பருக்கு போன் போடுவோம். படியாம தப்பிச்சது நேரா சாக்கடைக்கு. நம்ம ஊர்ல சாக்கடை கடைசியில எங்கே போய்ச் சேருதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். தாமிரபரணியில கழிவுநீர் கலக்குற வழக்குக்காக 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து ஆத்தைப் பார்த்துட்டுப் போனாங்க.

இதுல ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஒரு ஆத்துல மனுஷங்களோட கழிவு கலந்திருக்கான்னு கண்டுபிடிக்க, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் தண்ணியில காஃபீனைத் தேடுறாங்க. காபி, டீ குடிக்கிற ஒரே ஜீவராசி நாமதானே? தண்ணியில காஃபீன் இருந்தா, பக்கத்துல நாம இருக்கோம்னு அர்த்தம். ஆறு நம்மைப் போட்டுக் கொடுத்துடும் பாஸ்!

பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல்ல கலக்குற வரைக்கும் தாமிரபரணிக்கு நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். ஒரே நாள்ல பைக்ல முடிச்சுடலாம். இவ்வளவு குட்டி ஆத்தைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்குது. அதனால ரூல் நம்பர் ஒன்: சக்கை சிங்க்குக்குப் போகவே கூடாது.

செடிக்குப் போடலாமா... வேண்டாமா?

'காபி சக்கையை அப்படியே செடிக்குப் போடுங்க, செடி சும்மா ஜிவ்வுனு வளரும்'னு யாரைக் கேட்டாலும் சொல்றாங்க. நாம இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் ஆச்சே, கேட்டதும் நம்பிடுவோமா?

முதல்ல கணக்கு. எங்க வீட்ல ஒரு நாளைக்கு 40 கிராம் பொடி ஆகுது. வருஷத்துக்கு 14.6 கிலோ. சிக்கரி பாதிக்கு மேல தண்ணியிலேயே கரைஞ்சுடும். காபியிலேயும் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு டிகாக்‌ஷனா இறங்கிடும். மிச்சத்தைக் காய வெச்சா சுமார் 10 கிலோ. காய்ஞ்ச சக்கையில நைட்ரஜன் சுமார் 2 சதவிகிதம். அதாவது 200 கிராம். யூரியாவுல 46 சதவிகிதம் நைட்ரஜன். ஸோ, நம்ம வீட்டு ஒரு வருஷ சக்கை அரைக் கிலோ யூரியாவுக்குக்கூட சமம் இல்லை. மானிய விலையில அந்த யூரியா மூணு ரூபாய் தேறாது!

'இவ்வளவுதானா?'னு சோர்ந்து போயிடாதீங்க. மண்ணுக்கு நைட்ரஜன் மட்டும் போதாது. மக்கின பொருள் வேணும், ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்குற சக்தி வேணும். அதை யூரியா தராது, சக்கை தரும். ஆனா எப்படிப் போடுறோம்கிறதுலதான் விஷயமே இருக்கு.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்துல ப்ரோக்கோலி, முள்ளங்கி, லீக், வயோலா, சூரியகாந்தினு அஞ்சு செடிகளுக்குக் காபி சக்கையை மக்க வைக்காம நேரடியா மண்ணுல கலந்து பார்த்தாங்க. 2016-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அஞ்சும் நல்லா வளரலை. கூடவே உரம் போட்டும் பலன் இல்லை. மண் ஈரத்தைக் கூடுதலாப் பிடிச்சு வெச்சது நிஜம். ஆனா பச்சைச் சக்கையில இருக்கிற சில பொருட்கள் செடியோட வளர்ச்சியை அமுக்கிடுது. களை குறைவா முளைச்சதுக்கும் அதுதான் காரணமா இருக்கணும். களைக்கு ஆகாதது கீரைக்கு மட்டும் ஆகுமா?

இதைப் படிச்சதும் பாளையங்கோட்டையில எங்க மொட்டை மாடியில மூணு தொட்டி வெச்சேன். மூணுலேயும் ஒரே செம்மண், ஒரே தண்டுக்கீரை விதை. ஒண்ணுல வெறும் மண். ரெண்டாவதுல அஞ்சுல ஒரு பங்கு பச்சைச் சக்கை. மூணாவதுல இலை தழையோட மக்க வெச்ச சக்கை. ஆச்சி தினமும் வந்து பார்த்துட்டு, 'ஏய்யா, கீரை வெதைச்சியா, பரீட்சை வெச்சியா? ஸ்கேலு வெச்சு அளக்க!'னு சிரிப்பாங்க. முப்பதாம் நாள் அளந்தப்போ ரெண்டாவது தொட்டி, முதல் தொட்டியோட பாதி உயரம்தான். மூணாவது தொட்டி எல்லாத்தையும் முந்திருச்சு. மூணு தொட்டியை வெச்சு முடிவு சொன்னா எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் மேடம் ஹாலை விட்டு வெளியே அனுப்பிடுவாங்க. ஆனா மெல்பர்ன்ல பார்த்ததுக்கும் பாளையங்கோட்டையில பார்த்ததுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போ எப்படித்தான் போடுறது?

சிம்பிள். ஒரு பழைய பெயின்ட் வாளி எடுங்க. அடியிலேயும் பக்கத்துலேயும் ஓட்டை போடுங்க. காய்ஞ்ச வேப்பிலை, தேங்காய் நார், கிழிச்ச பேப்பர்னு காய்ஞ்சது ஒரு அடுக்கு. காய்கறித் தோல், சக்கைனு ஈரமானது ஒரு அடுக்கு. மொத்தத்துல சக்கை அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போக வேண்டாம். வாரம் ஒரு தடவை கிளறி விடுங்க. நம்ம ஊரு வெயிலுக்குக் காய்ஞ்சு போகாம இருக்கக் கொஞ்சம் தண்ணி தெளிங்க. ரெண்டு மூணு மாசத்துல கறுப்பா, உதிரியா, மண் வாசனையோட வந்துட்டா ரெடி.

அந்தப் பொறுமை இல்லாதவங்க, வளர்ந்த செடியோட தூர்ல இருந்து தள்ளி மெலிசாத் தூவி, மேலே காய்ஞ்ச இலையைப் போட்டு மூடலாம். தடிமனாப் போட்டா வெயில்ல ஓடு மாதிரி இறுகி, ஊத்துற தண்ணி உள்ளே இறங்காது. நாத்துப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். இன்னொண்ணு... 'சக்கை புளிப்பு, மண்ணை அமிலமாக்கும்'னு ஒரு பேச்சு இருக்கு. அமிலத்துல பெரும்பகுதி டிகாக்‌ஷனோட நம்ம வயித்துக்குப் போயிடுது. சக்கை பல நேரம் நடுநிலைக்குப் பக்கத்துலதான் இருக்கும். ஸோ, அதை நம்பி ஆசையும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

குட்டிக் குட்டி டிப்ஸ்!

* வெயில்ல நல்லா காய வெச்ச சக்கையைச் சின்னக் கிண்ணத்துல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. கருவாட்டு வாசனை அடங்கும். ஈரத்தோட வெச்சா பூசணம் பிடிச்சு அதுவே நாறும்.

* மீன் கழுவின கை, பூண்டு உரிச்ச கை... ஒரு சிட்டிகை சக்கையைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிப் பாருங்க. தோசைக்கல், அடிபிடிச்ச பாத்திரத்துக்கும் ஓகே. வெள்ளை டைல்ஸ்ல மட்டும் வேண்டாம், கறை பிடிச்சுக்கும். தேய்ச்சதைத் தட்டுல வழிச்சுட்டு அப்புறம் கழுவுங்க. இல்லைன்னா மறுபடியும் ரூல் நம்பர் ஒன் காலி!

* 2012-ல் நெல்லை மாவட்டத்தை டெங்கு ஆட்டி வெச்சதை வீட்ல பெரியவங்க இன்னும் சொல்வாங்க. பிரேசில்ல லாரஞ்ஜா, பிக்குடோ உள்ளிட்ட விஞ்ஞானிகள், காஃபீனும் காபி சக்கையும் டெங்கு கொசுவோட புழுவை வளர விடாம தடுக்குதுன்னு கண்டுபிடிச்சு 2003-ல் எழுதினாங்க. தொட்டித் தட்டுல தேங்குற தண்ணிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனா தட்டைக் கவிழ்த்துத் தண்ணியைக் கொட்டுறதுக்கு ஈடு எதுவும் இல்லை, ஆமா!

* வீட்ல நாய், பூனை இருந்தா சக்கையை மூடி வைங்க. காஃபீன் அதுங்களுக்கு விஷம்.

சக்கையில சிமென்ட் ரோடு?

இப்ப நான் சிவில் ஸ்டூடன்ட்டா பேசப் போறேன். மெல்பர்ன்லேயே ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துல ராஜீவ் ராய்சந்த் குழு ஒரு வேலை பண்ணாங்க. காபி சக்கையை ஆக்சிஜன் இல்லாம 350 டிகிரியில வறுத்துக் கரியாக்கி, கான்க்ரீட்ல மணலுக்குப் பதிலா 15 சதவிகிதம் போட்டாங்க. கான்க்ரீட்டோட பலம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் கூடிருச்சு! 2023-ல் இது வெளியானப்போ உலகமே திரும்பிப் பார்த்துச்சு. வறுக்காம பச்சையாப் போட்டா நேர் எதிர். சக்கையில இருந்து கசியுற பொருட்கள் கான்க்ரீட்டைப் பலவீனமாக்கிடும். அதனால வீட்ல சிமென்ட் வேலை நடக்கும்போது சக்கையை அள்ளிப் போட்டுட்டு என் பேரைச் சொல்லாதீங்க.

இது நமக்கு ஏன் முக்கியம்? 'மணல்' அப்படிங்கிற வார்த்தைக்காக. ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த நல்லகண்ணு ஐயா, தாமிரபரணி மணலுக்காக நீதிமன்றத்துல தானே நின்னு வாதாடினார். 2010-ல் மதுரைக் கிளை ஆத்துல மணல் அள்ளத் தடை போட்டுச்சு. மணலை நாம கட்டடப் பொருள்னு நினைக்கிறோம். ஆனா ஆத்துக்கு அது ஸ்பாஞ்ச். வெள்ளத்துல குடிச்ச தண்ணியைக் கோடையில உறைகிணத்துக்குக் கொடுக்கிறது அந்த மணல்தான். மணல் போனா, குடத்துல தண்ணியும் போகும்.

அதுக்காகக் காபி சக்கை ஆத்தைக் காப்பாத்திடும்னு அடிச்சு விட மாட்டேன். உலகம் ஒரு வருஷத்துக்குத் தோண்டுற மணலும் ஜல்லியும் 5,000 கோடி டன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. உலகத்துல விளையுற காபிக்கொட்டை சுமார் ஒரு கோடி டன். மொத்தத்தையும் கரியாக்கினாலும் ஐயாயிரத்துல ஒரு பங்கு தேறாது. ஆனா அவங்க அவங்க ஊர்ல என்ன மிச்சமோ அதை எடுத்து ஆராய்ச்சி பண்ணலாமே? மெல்பர்ன்ல தெருவுக்குத் தெரு காபிக் கடை, அவங்க சக்கையை எடுத்தாங்க. நமக்கு ஆத்தங்கரை முழுக்க நெல்லு. ரைஸ் மில் உமியைச் சரியான சூட்ல எரிச்ச சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா. சிமென்ட்ல ஒரு பங்குக்குப் பதிலா அதைப் போடலாம்னு நம்ம பாடப் புத்தகத்துலேயே இருக்கு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுறவங்களே, கேட்டுக்கோங்க. போன வருஷ சீனியரோட ரிப்போர்ட்டை பைண்டிங் மாத்திக் கொடுக்காதீங்க. கேன்டீன் அண்ணாச்சிகிட்ட சொல்லி ஒரு வாரத்துச் சக்கையைச் சேருங்க. காய வைங்க. லேப்ல மஃபிள் ஃபர்னஸ் இருக்கும். சாரோட அனுமதியோட, மூடின பாத்திரத்துல, புகை வெளியே போக வழி பண்ணிட்டு 350 டிகிரியில வறுங்க. சாதா கான்க்ரீட், சக்கைக் கரி கான்க்ரீட், உமிச் சாம்பல் கான்க்ரீட்னு 150 மில்லிமீட்டர் க்யூப் போடுங்க. 7-ம் நாளும் 28-ம் நாளும் உடைச்சுப் பாருங்க. பலம் குறைஞ்சாலும் எழுதுங்க. அதுவும் ரிசல்ட்தான்.

கடைசியா ஒரு மேட்டர். சக்கையை மறுபடி உபயோகிக்கிறது ஒண்ணும் புதுசு இல்லை. ரெண்டாம் டிகாக்‌ஷன்னு ஒண்ணு உண்டே! கள்ளு மாதிரி கெட்டியா இறங்குற முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கும் விருந்தாளிக்கும். அதே சக்கையில மறுபடி வெந்நீர் ஊத்தி இறக்குறது, எல்லாருக்கும் ஆத்திக் கொடுத்துட்டுக் கடைசியா அடுக்களையில நின்னுக்கிட்டே குடிக்கிறவங்களுக்கு. எங்க ஆச்சிக்கு அறுபது வயசு வரைக்கும் ரெண்டாம் டிகாக்‌ஷன்தான். 'அதுவே பழகிப் போச்சுய்யா'ன்னாங்க.

உங்க அம்மா எந்த டிகாக்‌ஷன் குடிக்கிறாங்கன்னு இன்னிக்குக் கேட்டுப் பாருங்க. நாளைக்குக் காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்து நீங்களே ஃபில்டர்ல பொடி போட்டு, குடையை அமுக்கி, வெந்நீர் ஊத்துங்க. முதல் டிகாக்‌ஷன் அவங்களுக்கு. ரெண்டாவது நமக்குப் போதும். சக்கை வாளிக்கு!