படத்தில் இருப்பவர் சிரிக்கக் கூடாது

எனக்கு ஜோக் எழுத வராது. வாரப் பத்திரிகைகளுக்கு ஜோக் படம் போட்டே பிழைத்தவன் இப்படிச் சொன்னால் கல்யாண வீடுகளில் யாரும் நம்புவதில்லை. "சார், ஒரு ஜோக் சொல்லுங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் சொல்லி யாரும் சிரித்ததில்லை. என் மனைவி சாட்சி.

தமிழ் வார இதழ்களில் ஜோக் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. எழுதுகிறவர் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ உத்தியோகம். மனதில் தோன்றியதைத் தபால் கார்டில் எழுதி அனுப்புவார். உதவி ஆசிரியர் பொறுக்கியெடுத்து ஒரு கட்டாக எங்களிடம் தருவார். டாக்டர், நர்ஸ், மன்னர், அமைச்சர், கட்டம் போட்ட பனியனில் திருடன், மேடையில் தலைவர், கீழே தொண்டர். திரும்பத் திரும்ப இதே ஆட்கள்தான். மன்னர் ஜோக் என்றால் எனக்குக் கொண்டாட்டம். போருக்குப் பயப்படுகிற ராஜாவின் தொப்பையை வரைவதில் அலுப்பே வந்ததில்லை.

கட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது யார் முதலில் பேசுகிறார் என்பதைத்தான். படத்துக்கு அடியில் இரண்டு வரி வசனம் இருக்கும். முதல் வரிக்காரரை இடப்பக்கம் நிறுத்த வேண்டும், கண் அங்கிருந்துதான் தொடங்கும். வாய் ஒருவருக்குத்தான் திறந்திருக்க வேண்டும். இரண்டு வாயும் திறந்திருந்தால் வாசகர் தடுமாறுவார், அந்த அரை விநாடியில் சிரிப்பு போய்விடும். அச்சில் வருவதைவிடப் பெரிதாகத்தான் வரைவோம். சின்னதாக்கும்போது நெருக்கமான கோடுகள் மை அப்பி ஒட்டிக்கொள்ளும். அதனால் சுவர்க் கடிகாரம், ஜன்னல் கம்பி, புடவைப் பூ எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும். ஆஸ்பத்திரி என்று சொல்ல ஸ்டெதாஸ்கோப் ஒன்று போதும்.

இதெல்லாம் கை வேலை, யாரும் பழகிக்கொள்ளலாம். இதற்கு மேலே இருக்கிற சங்கதியை நான் கற்றது கோபுலு சாரின் படங்களைப் பார்த்து. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் கண்ணில் பட்டு மேலே வந்தவர் அவர். வசனமே இல்லாமல் அவர் போட்ட நகைச்சுவைப் படங்களைப் பழைய தீபாவளி மலர்களில் தேடித் தேடிப் பார்ப்பேன். பார்க்கிற நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம், படத்துக்குள் ஒருத்தர்கூடச் சிரிப்பதில்லை. குடைக்குள் நிற்கும் மாமாவுக்கும் ரயிலைத் தவறவிட்ட மாமிக்கும் அது வாழ்வா சாவா பிரச்சினை. அவர்கள் படும் அவஸ்தை அவர்களுக்கு நிஜம். படம் முந்திக்கொண்டு பல்லை இளித்தால் அடியில் இருக்கும் வசனத்துக்கு வேலை இல்லை. பிற்காலத்தில் பக்கவாதத்தால் அவருக்கு வலது கை முடங்கியது. இடது கையால் வரையப் பழகினார். கை மாறியும் முகங்களில் அந்தக் கவலை மாறவில்லை என்பது என் எண்ணம்.

வேலை வசனத்துடையது என்பது அரசியல் ஜோக்குக்கு இன்னும் பொருந்தும். 1987-ல் விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக் எம்.எல்.ஏ.வை ஜேப்படித் திருடனுக்கும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டது. சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சீக்கிரம் விடுதலையானார். ஆனாலும் விடவில்லை, வழக்குப் போட்டார். 1994-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 1000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆசிரியருக்குத் தண்டனை விதித்த அந்த வாரங்களில் தூரிகை பிடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. எனக்கும்தான். தலைவர் மூக்கை ஒரு நூல் குறைத்து வரைந்திருப்பேன். யோசித்துப் பார்த்தால் அங்கே சுட்டது வசனம். ஜெயிலுக்குப் போனவர் ஆசிரியர். வரைகிறவனுக்குப் பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது, பெயரும் கிடைத்துவிடுகிறது.

பெயர் விஷயத்தில் என் நெஞ்சு கொஞ்சம் குறுகுறுக்கத்தான் செய்கிறது. "போன வாரம் உங்க ஜோக் பிரமாதம்" என்று பஸ்ஸில் யாராவது சொன்னால், அது என்னுடையது இல்லை என்று நான் திருத்தியதில்லை. ஸ்டாப்பிங் வரும்வரை அனுபவித்துவிட்டு இறங்கிவிடுவேன். படத்துக்குள் என் கையெழுத்து கொட்டையாக இருக்கும். எழுதியவர் பெயர் வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அவருக்குக் கிடைத்த சன்மானம் என்னுடையதைவிடக் குறைவு.

இப்போது கார்டு வருவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் எழுதியவர் பெயரை யாரோ வழியிலேயே வெட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் ஜோக்கில் பெயர் இருந்தால், தயவுசெய்து அதை அழிக்காமல் அடுத்தவருக்கு அனுப்புங்கள்.