பழைய உளிக்குப் புதுப் பிடி

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூருக்குச் செல்கிறவர்கள் பெரும்பாலும் மரச்சிற்பங்களைப் பார்க்கத்தான் செல்கிறார்கள். 2020-இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவற்றைச் செதுக்குகிற உளிகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் போனேன்.

நான் உட்கார்ந்த பட்டறையில், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய தச்சு உளி ஒன்று மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க, ஷெஃபீல்டு என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. இங்கிலாந்து எஃகு. லாரி வில்பட்டையில் அடித்த உளிகளும் பக்கத்திலேயே கிடந்தன.

அவர் முதலில் கை வைத்தது சரிவில்லாத பின்பக்கத்தில். துரு அங்கே அம்மைத் தழும்புபோலக் குழி பறித்திருந்தது. கூர் என்பது இரண்டு பக்கமும் சந்திக்கிற கோடுதானே? ஒரு பக்கம் குழி இருந்தால் அந்தக் கோடு பல்லிளித்துவிடும். முனையை ஒட்டிய இரண்டு விரற்கடையைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மேல கெடக்குற குழி கெடக்கட்டும் சார். முனையில இருக்கக்கூடாது."

சரிவுக்கு மோட்டார் சாணை. தொட்டு எடுப்பார், உடனே தண்ணீரில் முக்குவார். கொஞ்சம் அசந்தாலும் முனையில் நீலம் பாய்ந்துவிடும். ஏறக்குறைய 300 டிகிரியில் வருகிற நிறம் அது. அந்த இடம் மெதுத்துப்போகும். பிறகு உலைக்குத்தான் போக வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் மஞ்சள் ஓடும்போது நிறுத்த வேண்டும். அந்த நிறத்தைக் கொல்லர் கண்ணால் பார்த்தே பிடிக்கிறார். சிற்பப் பயிற்சி நடத்துகிறவர்கள் கொல்லுலையையும் அதில் சேர்க்க வேண்டும். உளி காய்ச்சத் தெரிந்தவர் இல்லாத ஊரில் சிற்பி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

பிடிக்கு நிழலில் நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டை. ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறுக்கே ஓடினால் கொட்டாப்புளி அடியில் பிளந்துவிடுமாம். பச்சை மரமும் ஆகாது, சுருங்கிப் பூண் கழன்றுவிடும். பிடிக்குள் இறங்கும் உளியின் வாலைவிடச் சற்றுச் சிறிதாகத் துளை போட்டார். அலகில் ஈரத்துணியைச் சுற்றி, வாலை மட்டும் சூடாக்கித் துளைக்குள் இறக்கினார். புகை வந்தது, இரும்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கரித்து எடுத்துக்கொண்டது. ஆறவிட்டு, பித்தளைப் பூண் போட்ட அந்தப் பிடியை இறுக்கி அடித்தார்.

"டேய், புடிச்சுப் பாரு."

"இன்னும் தடிமனா இருக்குப்பா," என்றான் மகன்.

அவனுடைய கைக்குத்தான் அந்த உளி. பிடியைச் சீவிக் கொடுத்தார். அவன் வாகைத் துண்டின் வெட்டுமுகத்தில் ஓட்டினான். நார் பிய்யாமல் சுருள் வந்தது. பெரியவர் அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெல்லிய கோடு ஒன்றைக் காட்டினார்.

"ஓரத்துல இன்னும் ஒரு பல்லு இருக்கு. கல்லை எடு."