இரட்டை மோட்டார் விமானமும் நம் மலைக் காற்றும்

தேயிலைத் தோட்டத்து மக்கள் படிக்கும் பத்திரிகையில் விமானத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். பட்டம் விட்ட நம் பிள்ளைகள் இப்போது ஃபோம் பலகையை வெட்டி, சூட்டுப் பசையால் ஒட்டி, பேட்டரியில் பறக்கும் விமானமே செய்கிறார்கள். திரிங்காப்பில் என் அண்ணன் மகனும் ஒன்று செய்கிறான். நான்காம் படிவம் படிக்கும் பையன். விடுமுறையில் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்குப் போய் 350 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறான். அந்தப் பணம் பொருந்தாத மோட்டாரில் போய்விட்டால் அடுத்த நீண்ட விடுமுறை வரை அவன் காத்திருக்க வேண்டியதுதான். அவ்வளவு நாள் என் அண்ணன் பொறுமையாக இருப்பாரா என்பது வேறு கதை. "இந்தக் குப்பையை எப்ப எடுக்கப் போறே?" என்று இப்போதே வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பையன் தேர்ந்தெடுத்தது டுவின் பயோனீர் விமானம். வயதானவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த கோட்டைகளுக்கு ஆளும் அரிசியும் கொண்டுபோன விமானம் இது. குட்டையான தரையிலும் இறங்கும், ஏறும். 1958ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நம் நாட்டு விமானப் படை அமைக்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த முதல் விமானமும் ஒரு டுவின் பயோனீர்தான். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் வைத்தார். இறக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், வாலில் மூன்று நிமிர்ந்த தகடுகள். இறக்கையின் நீளம் 76 அடி 6 அங்குலம். அதைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 51 அங்குலம் வரும். நம் வீட்டு மேசையில் வைத்துச் செய்யலாம்.

"சித்தப்பா, கடைக்காரர் 2200 கே.வி. மோட்டார் வாங்கச் சொல்றாரு. ஆயிரத்தைவிட ரெண்டாயிரம் நல்லதுதானே?" என்று கேட்டான்.

"விமானம் எவ்வளவுடா எடை?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

வாசகர்களே, மோட்டார் வாங்கப் போகுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு காய்கறித் தராசில் வைத்தோம். பேட்டரி, மோட்டார், கம்பி ஆகியவற்றுக்கும் எடை போட்டுக் கூட்டினால் 1,200 கிராம். சாதுவாகப் பறக்கும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் சக்தி போதும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்களின் கணக்கு. தாராளமாகவே 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 வாட். இரண்டு மோட்டார் என்பதால் ஆளுக்கு 120. மூன்று செல் கொண்ட லிபோ பேட்டரி, வேலை செய்யும்போது சுமார் 11 வோல்ட் கொடுக்கும். 120ஐ 11ஆல் வகுத்தால் மோட்டார் ஒன்றுக்குச் சுமார் 11 ஆம்பியர். இந்த எண் கைக்கு வந்துவிட்டால் கடைக்காரர் நம்மை ஆட்டி வைக்க முடியாது.

கே.வி. என்பது பலத்தைக் காட்டும் எண் அல்ல. ஒரு வோல்ட்டுக்குச் சுமையில்லாமல் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. மோட்டார் சைக்கிள் கியரை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையேற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது யாராவது நான்காவது கியர் போடுவார்களா? கே.வி. அதிகமான மோட்டார் சின்ன விசிறியை அதிவேகமாகச் சுற்றும். கே.வி. குறைந்தது பெரிய விசிறியை நிதானமாகச் சுற்றும். 2200 கே.வி. மோட்டாருக்கு ஆறங்குல விசிறிதான் தாங்கும். அதில் ஒன்பது அங்குலத்தை மாட்டினால் மோட்டார் சுருள் கருகிவிடும். மெதுவாகப் பறக்கும் டுவின் பயோனீருக்கு 2212 அளவில் 1000 கே.வி. மோட்டார் இரண்டு வாங்கச் சொன்னேன். 2212 என்றால் உள்ளே கம்பி சுற்றிய பகுதி 22 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் உயரம். ஜாதகம் மாதிரி தோன்றும் எண்களுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

விசிறியிலும் இரண்டு எண் இருக்கும். 9க்கு 4.5 என்றால் குறுக்களவு ஒன்பது அங்குலம். வெண்ணெயில் திருகாணி போவதுபோல் நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு நாலரை அங்குலம் முன்னேறும். குறுக்களவில் மட்டும் கைவைக்குமுன் நன்றாக யோசியுங்கள். அதே வேகத்தில் சுற்றும் எட்டங்குல விசிறியை ஒன்பதாக்கினால் சக்தித் தேவை ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏழங்குல விசிறிகள் இரண்டு வளைக்கும் காற்றுவெளி, பத்தங்குல விசிறி ஒன்று வளைக்கும் வெளிக்கு ஏறக்குறையச் சமம். இரட்டை மோட்டார் விமானத்தில் விசிறிகள் சிறியவையாக இருந்தாலும் இழுவை குறையாததற்கு இதுவே காரணம்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். ஈப்போவில் பறக்கவிடுகிறவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. திரிங்காப் 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. குளிர் கொஞ்சம் காற்றை அடர்த்தியாக்கினாலும், உயரம் அதைவிட அதிகமாக மெலிதாக்கிவிடுகிறது. ஈப்போக் காற்றோடு ஒப்பிட்டால் சுமார் எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதே விசிறி, அதே சுற்று என்றால் இழுவையிலும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். இறக்கையும் கொஞ்சம் வேகமாக ஓடினால்தான் தாங்கும். நல்ல காலமாக, மெல்லிய காற்றில் விசிறியின் சுமையும் குறைவதால் மோட்டாருக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். கீழே 9க்கு 4.5 போடுகிறவர் இங்கே 9க்கு 5 போடலாம். நான் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். கணக்கை மட்டும் நம்பமாட்டேன். வாட் மீட்டரைக் கோத்து, ஐந்து விநாடி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

இரண்டு மோட்டார் என்றதும் வரும் பெரிய கவலை, ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பது. இதைப் பையனுக்கு விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் குறுக்கே வந்தார். அவர் தோட்டத்தில் இரண்டு பேர் பிடித்து நடக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறவர். "அந்தப் பக்கத்து ஆள் சட்டுன்னு நின்னுட்டா, இந்தப் பக்கத்து ஆளை மெஷினே சுத்தி இழுத்துட்டுப் போகும். அப்ப நானும் நிக்கணும், இழுக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் விஷயம்! ஒரு பக்கம் நின்றால் உடனே வேகத்தைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, மிதக்கவிட்டு இறக்க வேண்டும். விசிறி முனை உடலில் படாமல் ஓரங்குலம் விட்டு, மோட்டார்களை உள்ளே தள்ளி வைத்தால் இந்த இழுப்பு குறையும். அதன்பிறகு அண்ணன் குப்பை என்ற சொல்லை எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசிறிகள் எதிரெதிராகச் சுற்றினால் விமானம் ஒரு பக்கம் சாயாது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்த அவர்களுடைய விமானத்தில் ஒரே எஞ்சின், இரண்டு விசிறிகள். சங்கிலி ஒன்றைக் குறுக்காகப் போட்டு ஒரு விசிறியை மறுபக்கம் சுற்ற வைத்தார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் எந்த இரண்டையும் மாற்றிப் பிடித்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் அதற்குத் தனியாக இடப்பக்கம் சுற்றும் விசிறி வேண்டும். வலப்பக்கத்து விசிறியைத் திருப்பி மாட்டினால் சரியாக இழுக்காது. எழுத்து பொறித்த பக்கம் எப்போதும் முன்னோக்கியே இருக்க வேண்டும்.

மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்குங்கள். இரண்டிலிருந்தும் ரிசீவருக்கு மின்சாரம் போகாதபடி ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் எடுத்துவிட வேண்டும். 2200 மில்லியாம்பியர் பேட்டரி பாதி வேகத்தில் ஒன்பது நிமிடம் கொடுக்கும். எட்டாவது நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிபோ பேட்டரி கைப்பேசி பேட்டரி மாதிரி சாதுவானது அல்ல. உப்பினாலோ அடிபட்டாலோ தீப்பிடிக்கும். நம்மில் பலர் குடியிருப்பது இன்னும் பலகை வீடு. ஆகையால் மண்சட்டிக்குள் வைத்து, சிமெண்டுத் தரையில், கேஸ் தோம்புக்கு எட்டத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. மேசையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும். நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றும் பிளாஸ்டிக், விரலைப் பார்த்து வெட்டாது.

பறக்கவிடுவதற்குக் காலை நேரமே நல்லது. மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கிவிடும், காற்றும் பள்ளத்தாக்கில் புரளும். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகளையும் மின்கம்பிகளையும் விட்டு விலகிய திடலாகப் பாருங்கள். அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேலே போகக் கூடாது என்பது நாட்டுச் சட்டம்.

350 வெள்ளியில் எல்லாம் வாங்கியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. 9க்கு 5 அளவில் இடப்பக்கம் சுற்றும் விசிறி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ரிங்லெட்டிலோ கம்போங் ராஜாவிலோ தானா ராத்தாவிலோ யாரிடமாவது இருந்தால், இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஓர் அட்டை போடுங்கள். கொடுக்கும் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்.